கொழும்பிலிருந்து வானத்தைத் தேட எது வசதி: பஞ்சாங்கமா, போனா, கணினியா, காகிதமா?

"சனி இப்போது எங்கே நிற்கிறது?" என்று கொழும்பில் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி ராசியைச் சொல்வார். உயர்தரம் படிக்கிற பிள்ளை போனைத் தூக்கி வானத்துக்கு நேரே பிடிக்கும். தொலைகாட்டி வைத்திருப்பவர் கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் மென்பொருளைத் திறப்பார். நிரல் எழுதத் தெரிந்தவர் நாசாவின் தரவை இறக்கி, புள்ளிக்குப் பின் ஏழு இலக்கத்தோடு ஒரு எண்ணை நீட்டுவார். நாலும் அவரவர் வழியில் சரிதான். ஆனால் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினால் சனியைக் கண்ணால் பிடிக்க முடியுமா என்று கேட்டால், பாதிப் பேர் தடுமாறுவார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானத்தைப் பார்ப்பதற்கென்றால் கணினியில் ஸ்டெல்லேரியம் போதும். போன் துணைக்கு இருக்கட்டும். பண்டிகை, விரதம், திதி என்றால் வீட்டில் வழக்கமாகப் பார்க்கிற பஞ்சாங்கமே இருக்கட்டும், அதை வைத்துக் கிரகத்தைத் தேடப் போகாதவரை. நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடம் நடத்துகிற ஹொரைசன்ஸ் என்ற கிரகக் கணக்குத் தளம், பைத்தான் நிரல் எல்லாம் மூன்று நாலு வேலைகளுக்குத்தான் தேவை. அந்த வேலைகளுக்கு அவற்றை விட்டால் வேறு வழியும் இல்லை. காகிதத்தில் போடும் கணக்கை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எதைத் தேர்ந்தெடுப்பதானாலும் முதலில் கேட்க வேண்டியது, "எனக்கு எவ்வளவு பிழை தாங்கும்?" என்பதுதான். வெறும் கண்ணால் வியாழனைத் தேடுபவருக்கு ஐந்து பாகை பிசகினாலும் நட்டமில்லை, அந்தப் பக்கத்தில் அவ்வளவு பிரகாசமாக வேறொன்று இருக்காது. 10×50 இருகண் தொலைகாட்டியில் ஒரு நேரத்தில் ஆறு ஆறரைப் பாகை தெரியும். சின்னத் தொலைகாட்டியில் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒன்றிரண்டு பாகைதான் தெரியும். தலைப்பிறை பார்ப்பவருக்குக் கால் பாகையும் கணக்கு. சந்திரன் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரம் வேண்டுமென்றால் விகலைக் கணக்கு, அதாவது பாகையில் 3600இல் ஒரு பங்கு. இதைத் தீர்மானிக்காமல் "எது துல்லியமானது" என்று விவாதிப்பதில் பிரயோசனமில்லை.

பஞ்சாங்கம்: இரண்டு கணக்கு, இரண்டு வானம்

கொழும்பில் நாம் வாங்குகிற தமிழ்ப் பஞ்சாங்கங்கள் இரண்டு வகை. ஒன்று வாக்கியம், யாழ்ப்பாணத்து இரகுநாதையர் பஞ்சாங்கம் இந்த வகை. மற்றது திருக்கணிதம், இன்றைய வானியல் கணக்கை வைத்துப் போடுவது. வாக்கியக் கணிதம் உண்மையில் ஒரு பிரமாதமான ஞாபக வித்தை. சந்திரனின் ஓட்டம் ஒரே சீராக இருக்காது. பூமிக்குக் கிட்ட வரும்போது வேகம், தூரப் போகும்போது மெதுவு. இந்த ஏற்ற இறக்கம் 27.55 நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது. ஒன்பது சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்ட 248 முழு நாள். ஆகவே 248 சிறு சொற்றொடர்களை மனப்பாடம் செய்தால், நாள் ஒன்றுக்கு ஒரு வாக்கியமாகச் சந்திரனின் இடம் கையில் இருக்கும். எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தருகிற கடபயாதி முறையில் அந்த வாக்கியங்கள் அமைந்திருக்கின்றன. அட்டவணையும் வேண்டாம், திரிகோணகணிதமும் வேண்டாம்.

இதன் திறமைக்கு ஒரு பதிவு இருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜோன் வாரன் 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோகிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டு, அந்த ஆண்டு மே 31 இரவு நிகழ இருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் 4 நிமிடம்தான் பிசகியது. நடுப்பகுதி 23 நிமிடம், முடிவு 52 நிமிடம் பிசகின. வாரனின் கணிப்பில் அந்த மனிதருக்குக் கோட்பாடு ஒன்றும் தெரியாது, ஞாபகசக்தி மட்டும் அபாரம். கோட்பாடு தெரியாமல், கடதாசியும் இல்லாமல், கிரகணத் தொடக்கத்தை 4 நிமிடத்துக்குள் பிடிப்பதென்றால் நான் தொப்பியைக் கழற்றத் தயார்.

ஆனால் அந்தக் கணக்கின் மூலங்கள் பல நூற்றாண்டு பழையவை. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. வாக்கியத்தில் ஒரு திதி 54 நாழிகைக்குக் குறையாது, 65 நாழிகைக்குக் கூடாது என்பது சம்பிரதாயம். அதாவது ஏறத்தாழ 21½ மணியிலிருந்து 26 மணி வரை. உண்மையான சந்திரன் அப்படிக் கட்டுப்படுவதில்லை. சில திதி 20 மணித்தியாலத்தில் முடியும், சில 26¾ வரை இழுக்கும். ஆகவே இரண்டு பஞ்சாங்கங்களிலும் திதி மாறும் நேரம் சில மணி நேரம் வேறுபடுவது சாதாரணம். எந்த நாளில் விரதம் என்ற வருடாந்தச் சண்டைக்குக் கணிதக் காரணம் இதுதான்.

சனியில் இந்த வித்தியாசம் பகிரங்கமாகிவிடும். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா எடுத்ததும் அன்றுதான். அந்த டிசம்பர் இரவில் வானத்துச் சனி கும்பத்தின் தொடக்கத்திலிருந்து சுமார் 8 பாகை உள்ளே போயிருந்தது. 8 பாகை என்றால் பதினாறு முழுநிலாவை வரிசையாக அடுக்குகிற இடம். வழிபாட்டுக்கு எந்த நாளை எடுப்பது என்பது மரபின் தீர்மானம், அதில் நான் தலையிடவில்லை. தொலைகாட்டியைத் திருப்ப வாக்கியத்தை நம்பினால் மட்டும் வெறும் வானத்தைத்தான் பார்ப்பீர்கள்.

திருக்கணிதம் இந்த விஷயத்தில் நவீன வானியலோடு ஒத்துப்போகும். இன்று பல சோதிட மென்பொருட்கள் பயன்படுத்துகிற சுவிஸ் எபிமெரிஸ், ஜெட் உந்துகை ஆய்வுகூடத்தின் கிரகத் தரவிலிருந்து எடுத்ததுதான். ஜாதகச் செயலியும் நாசாவும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. ராசியைக் கணக்கிடும் தொடக்கப் புள்ளிதான் வேறு. அயனாம்சம் எனப்படும் அந்த இடைவெளி இப்போது லாகிரி என்ற கணக்கு முறையில் 24 பாகையைக் கடந்துவிட்டது.

இடம் மாறினால் பஞ்சாங்கத்தில் எது மாறும், எது மாறாது என்பதும் கவனிக்க வேண்டியது. திதியும் நட்சத்திரமும் பூமியின் மையத்திலிருந்து கணிப்பவை. சென்னைக்கும் கொழும்புக்கும் கடிகாரம் ஒன்று என்பதால் அந்த நேரங்கள் அப்படியே பொருந்தும். சூரிய உதயம் பொருந்தாது. ஜூன் கடைசியில் சென்னையில் கொழும்பைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் முன்னதாகவே விடியும். டிசம்பரில் ஒன்பது நிமிடம் பிந்தும். யாழ்ப்பாணத்து உதயத்துக்கும் நமக்கும் வித்தியாசம் ஐந்தாறு நிமிடத்துக்குள்தான். உதயத்தை வைத்து ராகுகாலம் பார்க்கிறவர் சென்னைப் பஞ்சாங்கத்தைக் கொழும்பில் வைத்திருப்பது கொஞ்சம் வேடிக்கை. இதோடு, சில பஞ்சாங்கங்கள் சூரியனின் நடுப்புள்ளி அடிவானத்துக்கு வருவதை உதயம் என்கின்றன. வானியலார் மேல் விளிம்பு தெரிவதையே உதயம் என்பார்கள், காற்று ஒளியை வளைப்பதையும் சேர்ப்பார்கள். அந்த வகையில் மட்டும் மூன்று நிமிடத்துக்கு மேல் வேறுபாடு வரும். யாரும் தப்புக் கணக்குப் போடவில்லை.

பஞ்சாங்கத்தை வானம் பார்க்கவே பயன்படுத்த முடியாதா என்றால், முடியும். திருக்கணிதத்தில் "இன்று ரோகிணி" என்று போட்டிருந்தால் அன்றிரவு சந்திரனுக்குப் பக்கத்தில் செம்மஞ்சளாகத் தெரிவது ரோகிணி நட்சத்திரம், ஆங்கிலப் பெயர் அல்டெபரான். மகம், சித்திரை, கேட்டை மூன்றுக்கும் இதே வித்தை பலிக்கும். நாலும் சந்திரனின் பாதையை ஒட்டியவை, நகர வெளிச்சத்திலும் தெரியக்கூடியவை. நாலு மாதம் இப்படிப் பார்த்தால் ஒரு செயலியும் இல்லாமல் நாலு பெரிய நட்சத்திரம் பழகிவிடும். திருவாதிரைக்கு இது சரிவராது, அது சந்திரன் போகும் வழியிலிருந்து நன்றாகத் தெற்கே விலகி இருக்கிறது.

போனும் காலி வீதியும்

போன் செயலிகளில் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஸ்டெல்லேரியத்தின் போன் பதிப்பு, ஸ்கைசஃபாரி, ஸ்கை மேப் எதை எடுத்தாலும் வெறும் கண்ணுக்கு வேண்டிய துல்லியத்தைவிட அதிகமாகவே தரும். பிரச்சினை செயலியில் இல்லை, போனுக்குள் இருக்கிற காந்தத் திசைகாட்டியில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளின் மேல்தளத்தில் கொங்கிரீட்டுக்குள் கம்பி, ஓரத்தில் இரும்புக் கைப்பிடி, பக்கத்தில் தண்ணீர்த் தாங்கியின் இரும்புத் தாங்கு. திசைகாட்டி இருபது முப்பது பாகை விலகுவது சர்வ சாதாரணம். இரண்டு அடி நகர்ந்து நின்று பாருங்கள், திரையில் வியாழன் அடுத்த வீட்டுக் கூரைக்குப் போய்விடும். காந்தப் பின்னணி உள்ள போன் உறையைக் கழற்றுவது முதல் வேலை. போனை எட்டு வடிவத்தில் சுழற்றச் சொல்வார்கள், அது கொஞ்சம் உதவும். அதைவிட நல்லது, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பிரகாசமான பொருளை, சந்திரனையோ வெள்ளியையோ, பிடித்துக்கொண்டு திரையைக் கையால் இழுத்து அதற்குப் பொருத்துவது. பிறகு மற்றதை அங்கிருந்து அளந்து போகலாம். கையை முழுதாக நீட்டினால் மூடிய முஷ்டி சுமார் 10 பாகை.

திசைக்குக் கடலை நம்பலாம் என்று கொழும்பில் நினைப்பது இயல்பு. கடல் மேற்கு, காலி வீதி வடக்கு தெற்கு. பாதி உண்மை. கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை கரையும் வீதியும் தெற்கே போகப் போகக் கிழக்குப் பக்கம் சாய்கின்றன, சுமார் 15 பாகை. ஆகவே வெள்ளவத்தையில் மரைன் டிரைவில் நின்று கடலுக்கு நேரே முகம் வைத்தால் நீங்கள் பார்ப்பது மேற்கை இல்லை. மேற்கிலிருந்து ஒன்றரை முஷ்டி தெற்கே. உண்மையான மேற்கு உங்கள் வலக்கைப் பக்கம். மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில் சூரியன் இறங்கும் இடத்தைக் கரையோரக் கட்டடம் எதையாவது வைத்துக் குறித்துக்கொண்டால், வருடம் முழுக்க அதுவே உங்கள் மேற்கு. ஜூனில் சூரியன் அதற்கு வடக்கே 23½ பாகையிலும் டிசம்பரில் தெற்கே அதே அளவிலும் இறங்கும்.

கடல் தெரியாத இடம் என்றால் ஒரு நிமிர்ந்த கம்பின் நண்பகல் நிழல் போதும். கொழும்பில் நண்பகல் 12 மணி இல்லை. நமது கடிகாரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது; அந்தக் கோடு இலங்கையைத் தொடவே இல்லை, தீவுக்குக் கிழக்கே கடலில் போகிறது. கொழும்பு 79.85 பாகையில். 2.65 பாகை வித்தியாசத்தை நாலால் பெருக்கினால் சுமார் 10½ நிமிடம். ஆகவே சராசரி நண்பகல் 12:10. பூமியின் சுற்றுப்பாதை முட்டை வடிவம் என்பதாலும் அச்சுச் சாய்ந்திருப்பதாலும் இது பெப்ரவரி நடுவில் 12:25 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 11:54க்கே வந்துவிடும். அந்த நேரத்தில் நிழல் உண்மையான வடக்கு–தெற்குக் கோட்டில் கிடக்கும். வடக்கா தெற்கா என்பதில் மட்டும் கவனம் வேண்டும்: ஏப்ரல் 7 ஒட்டியும் செப்டம்பர் முதல் வாரத்திலும் சூரியன் நமது உச்சியைக் கடக்கிறது, அன்று நிழலே விழாது. இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும். இந்தியாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வருகிற கையேடுகள் நிழல் வடக்கே என்று தயங்காமல் சொல்லும்.

துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வடக்கைக் கண்டுபிடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஒரு இடத்தின் அகலக்கோடு எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அது நிற்கும். நமக்கு 7 பாகை. கொழும்பின் புழுதியிலும் வெளிச்சத்திலும் அந்த உயரத்தில் அது தெரிந்தால் அன்று லொத்தர் வாங்கலாம்.

கணினியில் ஸ்டெல்லேரியம்

போனைவிடக் கணினியை நான் முன்னுக்கு வைப்பதற்குக் காரணம் சாதாரணமானது. இன்று இரவு 8 மணிக்கு என்ன, அடுத்த மாதம் பத்தாம் தேதி என்ன என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, ஒரு தாளில் திசையையும் உயரத்தையும் எழுதிக்கொண்டு மேலே போகலாம். மாடியில் திரை வெளிச்சம் வேண்டாம், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். 2000இல் ஃபேபியன் ஷெரோ தொடங்கிய இந்த மென்பொருள் இலவசம், திறந்த மூலம். கிரகங்களுக்கு விஎஸ்ஓபி87 என்ற பிரெஞ்சுக் கணிதக் கோட்பாட்டைப் பயன்படுத்துகிறது. நமது காலத்தில் கிரகங்களுக்கு அதன் பிழை விகலைக் கணக்கில்தான், எந்த வீட்டுத் தொலைகாட்டிக்கும் அதிகப்படி.

செய்ய வேண்டியது இரண்டு மூன்றுதான். இடத்தை 6.93 வடக்கு, 79.85 கிழக்கு என்று நீங்களே போடுங்கள். வளிமண்டல ஒளிமுறிவை இயக்கி வையுங்கள். அடிவானத்தில் அது அரைப் பாகைக்கு மேல் தூக்கிக் காட்டும். திசைகோணம் வடக்கிலிருந்தா தெற்கிலிருந்தா அளக்கப்படுகிறது என்று பாருங்கள், வழக்கம் வடக்கிலிருந்து கிழக்குவழி.

பழைய தேதிகளுக்கு ஓட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இலங்கைக் கடிகாரம் 1996 மே 25 அன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அந்த ஒக்டோபர் 26 அன்று அரை மணி நேரம் பின்னுக்கு வந்து, 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் மறுபடி 5½ மணி நேரம். இந்தப் பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைகளின் நேரத்தை 5½ என்று நினைத்துப் போடுகிற மென்பொருளோ மனிதரோ அரை மணி நேரம் பிசகுவார்கள். 1996 நடுப்பகுதி என்றால் முழு ஒரு மணி நேரம். லக்கினம் சராசரியாக நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். அரை மணி நேரம் ஏழரைப் பாகை, ஒரு மணி நேரம் அரை ராசி. கிரகங்களில் சந்திரன் கால் பாகை, அரைப் பாகை நகரும். மற்றவை கண்ணுக்குத் தெரியாது. உலகத்தின் மிகத் துல்லியமான தரவும் இந்தப் பிழையைத் திருத்தாது. ஜாதகம் பார்ப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது, வாக்கியமா திருக்கணிதமா என்பது பிறகுதான்.

காகிதமும் கைக்கணக்கும்

தென்சிலுவை கொழும்பில் எப்போது நேர் தெற்கில் நிற்கும்? செயலி இல்லாமல் பார்ப்போம்.

வானத்திலும் பூமியைப் போல அகலக்கோடு, நெடுங்கோடு உண்டு. நெடுங்கோட்டை மணி, நிமிடத்தில் எழுதுவார்கள். தென்சிலுவையின் அடியில் இருக்கிற அக்ரக்ஸ் நட்சத்திரத்துக்கு அது 12 மணி 28 நிமிடம். வான அகலக்கோடு தெற்கே 63¼ பாகை. எந்த நேரத்தில் எந்த வான நெடுங்கோடு நமது உச்சிக் கோட்டை, அதாவது வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்குக்குப் போகிற கோட்டை, கடக்கிறதோ அதையே நட்சத்திர நேரம் என்கிறோம். செப்டம்பர் 21 பிறக்கும் நள்ளிரவில் அது ஏறத்தாழ பூச்சியம். பிறகு ஒவ்வொரு நாளும் 3.94 நிமிடம் கூடிக்கொண்டு வரும்.

மே 1 முடிந்து மே 2 பிறக்கும் நள்ளிரவுக்கு செப்டம்பர் 21இலிருந்து 223 நாள். 223ஐ 3.94ஆல் பெருக்கினால் 879 நிமிடம், அதாவது 14 மணி 39 நிமிடம். அக்ரக்ஸுக்கு வேண்டியது 12:28. ஆகவே அது நள்ளிரவுக்கு 2 மணி 11 நிமிடம் முன்னமே தெற்குக் கோட்டைக் கடந்திருக்கும். கொழும்பின் சொந்த நள்ளிரவு கடிகாரத்தில் 12:10½. கழித்தால் 9:59½. மே 1 இரவு பத்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம்? 90இலிருந்து நமது அகலக்கோடு 6.93ஐக் கழித்து, அதிலிருந்து 63.24ஐக் கழித்தால் 19.8 பாகை. தெற்கு அடிவானத்துக்கு மேல் இரண்டு முஷ்டி. லீப் வருடத்துக்காகச் சில நிமிடம் முன்பின் போகும், அவ்வளவுதான். ஸ்டெல்லேரியத்தில் ஓட்டிப் பாருங்கள், விடை இதுதான் வரும்.

ஐந்து நிமிட வேலை, பென்சிலும் ஒரு தாளும். இதைச் செய்தவருக்கு, ஒரு மாதம் கழித்து அதே நட்சத்திரம் இரண்டு மணி நேரம் முந்தி வரும், அதாவது ஜூன் 1 அன்று எட்டு மணிக்கே தெற்கில் நிற்கும் என்பது யாரும் சொல்லாமலே புரியும். செயலி இதைக் காட்டும், கற்றுத் தராது. பள்ளிக்கூட வானியல் கழகத்தில் பிள்ளைகளை முதலில் இதைச் செய்ய வைக்க வேண்டும் என்று சொல்வேன். மே மாதத்துத் தென்மேற்கு மழைமேகம் சம்மதித்தால் அன்றிரவே சரிபார்க்கலாம்.

கிரகங்களுக்கு இது இப்படிச் சுலபம் இல்லை. பூமியும் நகர்கிறது, கிரகமும் நகர்கிறது. கிரகம் தன் பாதையில் எங்கே நிற்கிறது என்று சொல்கிற கெப்லர் சமன்பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தீர்க்க வேண்டும். சந்திரன் இன்னும் மோசம், சூரியனின் இழுப்பால் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் வரும். ஆர்வத்துக்குச் செய்யலாம், தேவைக்குச் செய்ய வேண்டாம்.

ஹொரைசன்ஸும் பைத்தானும்

ஜெட் உந்துகை ஆய்வுகூடத்தின் ஹொரைசன்ஸ் இணையத்தில் இலவசம். அதன் அடியில் இருக்கிற டிஈ441 என்ற கிரகத் தரவு முன்னும் பின்னும் பல ஆயிரம் வருடத்துக்குச் செல்லும். அதையே வீட்டில் வைத்துக் கணக்குப் போட ஸ்கைஃபீல்ட் என்ற பைத்தான் நிரற்பொதி இருக்கிறது. 1900 முதல் 2050 வரைக்கும் போதுமான டிஈ421 கோப்பு சுமார் 17 மெகாபைட்தான். பத்து வரி நிரலில் ஒரு வருடத்துக்கான கொழும்பு உதய, அத்தமன அட்டவணை வந்துவிடும். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ நாட்காட்டி அடிப்பவர்கள் யாரோ தயாரித்த அட்டவணையை நகலெடுப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

இதில் எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. ஹொரைசன்ஸில் இடத்தை மாற்றாமல் விட்டால் அது பூமியின் மையத்திலிருந்து பார்த்த கணக்கைத் தரும். வியாழனுக்கும் சனிக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. சந்திரன் கிட்ட இருப்பதால், அடிவானத்தருகே மையத்துக் கணக்குக்கும் நாம் பார்ப்பதற்கும் கிட்டத்தட்ட ஒரு பாகை வித்தியாசம் வரும். இரண்டு முழுநிலாவின் அகலம். நாம் பார்க்கும் சந்திரன் கணக்கைவிடத் தாழ்வாக இருக்கும். கொழும்பில் எல்லாம் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் ஒரு பாகை என்றால் நாலு நிமிடம். பெரிய பள்ளிவாசலின் பிறை அறிவிப்புக்குக் காத்திருக்கிற மாலையில், சூரியன் மறைந்த பின் பிறை எத்தனை நிமிடம் அடிவானத்துக்கு மேல் நிற்கும் என்று கணக்குப் போடுபவருக்கு அந்த நாலு நிமிடம் பெரிய விஷயம். சூரியனுக்கும் பிறைக்கும் இடையே சுமார் ஏழு பாகைக்குக் கீழே இருந்தால் கண்ணுக்குப் படாது என்பது டாஞ்சோன் எல்லை. அந்த எல்லையை ஒட்டிய பிறைக்கு மையக் கணக்கை வைத்துக்கொண்டு "தெரிந்திருக்க வேண்டுமே" என்று வாதாடுவது நியாயமில்லை.

கிரகணமும் இப்படித்தான். 2019 டிசம்பர் 26 அன்று யாழ்ப்பாணத்தில் சூரியன் வளையமாகத் தெரிந்தது, கொழும்பில் கடித்த அப்பமாக மட்டும். காரணம் சந்திரனை எங்கிருந்து பார்க்கிறோம் என்பதுதான்.

வால்வெள்ளிக்கும் ஹொரைசன்ஸையே பாருங்கள். 2024 ஒக்டோபரில் சூரியன் மறைந்த பின் மேற்கில் தெரிந்த சுச்சின்ஷான்–அட்லஸ் போன்றவற்றின் பாதைத் தரவு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். செயலியில் பழைய தரவு கிடந்தால் பல பாகை தள்ளிக் காட்டும். ஸ்டெல்லேரியத்திலும் புதுத் தரவை இறக்கலாம், ஆனால் இறக்க வேண்டும் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

மிச்சமிருப்பவை

சுழற்றிப் பார்க்கும் நட்சத்திர வட்டு வாங்க வேண்டாம். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 30 முதல் 50 பாகை வடக்குக்குச் செய்தவை; நமது தென்வானம் அதில் பாதி இல்லை, இருப்பதும் இழுபட்டுக் கிடக்கும். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் வட்டாகச் செய்வதே கடினம். மாலுமிகளின் கடல்சார் பஞ்சாங்கம் வேறு சாதி: சூரியன், சந்திரன், நாலு கிரகம், 57 நட்சத்திரம், ஒவ்வொன்றும் கலையில், அதாவது பாகையில் 60இல் ஒரு பங்கில், பத்தில் ஒன்று வரை. கலை பிசகினால் கடலில் ஒரு கடல் மைல் பிசகும் என்பதால் அந்தக் கண்டிப்பு. துறைமுகத்தில் வேலை செய்யும் உறவினர் பழைய வருடப் பிரதி தந்தால் நட்சத்திரப் பக்கங்கள் இன்னும் உதவும், கிரகப் பக்கங்கள் உதவாது.

சர்வதேச விண்வெளி நிலையத்தைத் தேட இதுவரை சொன்ன பஞ்சாங்கமோ காகிதக் கணக்கோ சரிவராது. 400 கிலோமீற்றருக்குச் சற்று மேலே, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. காற்றின் உராய்வாலும் அவ்வப்போது உயர்த்தப்படுவதாலும் ஒரு வாரத்துக்கு முந்திய பாதைத் தரவு நிமிடக் கணக்கில் பிசகும். அதற்கு ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் கொழும்பைப் போட்டு அன்றைய தரவை அன்றே பாருங்கள்.